வாழைப்பூவுக்கு நான் சொன்ன அர்த்தம்

என் மகள் எடுத்த படம் பதினான்கு நிமிடம் ஓடும். அதில் என் மனைவி எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஒரு வாழைப்பூவை ஆய்கிறாள். ஆய்ந்து முடித்ததும் படமும் முடிந்துவிடும். கல்லூரியின் கடைசி ஆண்டில் ஆளுக்கு ஒரு படம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். மற்ற பிள்ளைகள் ஆற்றங்கரைக்கும் டிராம் டிப்போவுக்கும் போனார்கள். இவள் கல்லூரிக் காமிராவை இரண்டு நாளைக்கு வாங்கிவந்து எங்கள் சமையல் மூலையில் நிறுத்தினாள்.

நாங்கள் வங்காளத்துக்குப் பிழைக்க வந்தவர்கள். டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டிய சந்தில், ஓர் அறையில் இருக்கிறோம். மனைவி பக்கத்துத் தெருக்களில் இரண்டு தமிழ் வீடுகளில் சமைக்கிறாள். இரண்டிலும் பேங்க் அதிகாரிகள். நான் சாந்த்ராகாச்சி யார்டுக்கு அருகில், ரயில் பெட்டிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் இடத்தில் காண்டிராக்ட் ஆள். துவைத்துக் காய்ந்த விரிப்பு சூடான உருளைக்குள் போய் இஸ்திரியாகி வெளியே வரும். இந்த முனையை நான் பிடிப்பேன், அந்த முனையை ஒரு வங்காளி பிடிப்பார்; தாதா, அதாவது அண்ணன் என்று கூப்பிடுவேன். மடிப்போம், பழுப்பு உறையில் போடுவோம். பதினெட்டு வருடமாக எதிரெதிரே நிற்கிறோம். அந்த வேலைக்குப் பேச்சு வேண்டாம். அதனாலேயே எனக்கு அது பொருந்திப்போனது.

ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிறகு மாமாவுடன் இங்கே வந்துவிட்டேன். தமிழ் மறக்காமல் இருந்ததற்குக் காரணம், மனைவி சமைக்கிற வீடுகளிலிருந்து கொண்டுவரும் பழைய வாரப் பத்திரிகைகள். மகளுக்கு அதுவும் இல்லை. வங்காளப் பள்ளியில் படித்தவள். சோறு, சாவி, மழை, சீக்கிரம் வா என்கிற அளவுக்குத் தமிழ் புரியும். பதில் வங்காளத்தில் வரும். தமிழில் பேசினாலும் என்னை நீ என்றுதான் சொல்வாள். வங்காளத்தில் அப்பாவை அப்படிச் சொல்வது மரியாதைக் குறைவில்லை.

படம் எடுத்த அன்று நான் வேலையில் இருந்தேன். மகள் சொல்லித்தான் தெரியும். காமிராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, "நான் வெளிய நிக்கிறேன் மா. நீ பாட்டுக்கு வேல பாரு. எதாவது பேசு. யாருக்கும் புரியப் போறதில்ல, சத்தம் இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாளாம். வாசலில் நிற்கிற பிள்ளையைப் பார்த்து, நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் அடுத்த வீட்டு வங்காளி அம்மாள், உன் அம்மா உன்னை வெளியே தள்ளிவிட்டாளா என்று கேட்டிருக்கிறாள்.

கல்லூரியில் எல்லோருக்கும் படம் பிடித்துப்போனது. மாணவர் படங்களுக்கு மட்டும் ஒரு விழா நடக்கிறது, போட்டிக்கு அனுப்பு என்று ஆசிரியர் சொன்னார். முதல் பரிசு வாங்குகிற பிள்ளை ஒரு பெரிய டைரக்டரின் படப்பிடிப்பில் மூன்று மாதம் கூடவே இருந்து கற்றுக்கொள்ளலாம். மகள் அதைச் சொன்னபோது அவள் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. எதற்கும் ஆசைப்படுகிறேன் என்று காட்டிக்கொள்கிற பெண் இல்லை அவள். அந்தச் சுபாவம் என்னிடமிருந்து போனது.

விழாவின் விதிகளை அவள் மடிக்கணினியில் படித்துக் காட்டினாள். கல்லூரிக் கடிதம் வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. ஆங்கிலம் அல்லாத பேச்சு இருந்தால் கீழே ஆங்கில சப்டைட்டில் கட்டாயம், இல்லாவிட்டால் படத்தை எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். அங்கேதான் அவள் நின்றாள். படத்தில் முதல் நான்கு நிமிடம் பேச்சே இல்லை. அதற்குப் பிறகு அம்மா பேச ஆரம்பிக்கிறாள், கடைசி வரை நிறுத்தவில்லை. குனிந்த முகம், தாழ்ந்த குரல், திண்டுக்கல் பக்கத்துப் பேச்சு, நடுவே இரண்டு லோக்கல் ரயில்கள். மகளுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பிடிபட்டது. அம்மாவிடமே கேட்டிருக்கிறாள். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "அப்பாகிட்ட கேளு. அவருக்குத்தான் வெளங்கும்" என்று சொல்லிவிட்டாள்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில், மனைவி வேலைக்குப் போயிருந்தபோது, நானும் மகளும் கட்டிலில் உட்கார்ந்தோம். நான் வங்காளத்தில் அர்த்தம் சொல்ல வேண்டும், அவள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வாள். "நீ யார்கிட்டயும் பேசமாட்டே. எனக்காக ஒரு மணி நேரம் பேசு" என்று கேலி செய்தாள். எனக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது. என் பெண்ணின் படிப்புக்கு என்னால் ஆகிற ஒரு காரியம் அதுவரை வந்ததில்லை.

படம் ஓடியது. மனைவி விரலில் எண்ணெய் தடவிக்கொண்டாள். மடலை விலக்கிப் பூக்களை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் வேகாத நரம்பைக் கிள்ளி ஒரு பக்கம் போட்டாள். அவள் கைகளை அவ்வளவு நேரம் நான் பார்த்ததில்லை. பிறகு பேச ஆரம்பித்தாள்.

"எங்கம்மா சீரியஸா இருக்குன்னு ஒங்கப்பாவுக்கு மொத நா காலையிலயே போன் வந்துச்சு. தம்பி எங்கிட்ட அப்பவே சொல்லிட்டான். அன்னைக்கு வண்டி ஏறியிருந்தா எங்கம்மா கண்ணு தொறந்திருக்கும்போதே போயிருப்பேன். யாருகிட்டயோ லீவு கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு நின்னுருப்பாரு மனுசன். இத்தன வருசமா நான் கேக்கல. கேட்டா தலையக் குனிஞ்சுக்குவாரு. குனிஞ்ச தலைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

மகள் படத்தை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

நடந்தது அதுதான். அப்போது மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் ஒரே போன், அது என் சட்டைப் பையில் இருக்கும். காலையில் வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் மைத்துனன் கூப்பிட்டான். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், அக்காவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், இன்றைக்கே கிளம்புங்கள் என்றான். மத்தியானம் வண்டி இருந்தது. சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அன்று அவர், ஈரம் காயாத விரிப்புகள் பெட்டியில் ஏறிவிட்டன என்று எல்லோரையும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று தடவை அவர் மேசைப் பக்கம் போய்விட்டுத் திரும்பினேன். ஒரு தடவை அவரே நிமிர்ந்து என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். லீவு வாங்காமல் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று சொல்லவில்லை. மறுநாள் காலை மைத்துனன் மறுபடியும் கூப்பிட்டபோது எதிர்முனையில் நின்ற தாதா என் முகத்தைப் பார்த்து விசாரித்தார். அவரே போய்ச் சூப்பர்வைசரிடம் சொன்னார். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, இதற்கா நேற்று முழுக்க இப்படியும் அப்படியும் நடந்தாய், போ, போ என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு ஓடிவந்து, போன் வந்தது என்றேன். எப்போது என்று மனைவி கேட்டாள். இப்போதுதான் என்றேன். நாங்கள் ரயிலில் இருந்தபோது அவள் அம்மா போய்விட்டாள். ஊருக்குப் போய் ஐஸ் பெட்டியில்தான் பார்த்தாள்.

இந்தப் பொய் எனக்கு மட்டும் தெரிந்தது என்றே அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். ஊரில் கால் வைத்த அன்றே மைத்துனன் அவளிடம் சொல்லிவிட்டான் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். தெரிந்துகொண்டே பண்டிகைக்குச் சட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"அப்பா? என்ன சொல்றா அம்மா?"

நான் சொன்னேன்: "வாழைப்பூ எப்படிச் செய்யறதுன்னு சொல்றா."

"'போன்'னு சொன்னாளே?"

"அவ அம்மாவுக்குப் போன் பண்ணிப் பக்குவம் கேட்டாளாம்."

அவள் நம்பினாள். அதற்குப் பிறகு நிற்க முடியவில்லை. மனைவி பேசப் பேச நான் ஒரு பக்குவத்தைக் கட்டிக்கொண்டே போனேன். ஆய்ந்த பூவை மோரில் போட்டால் கறுக்காது. பாசிப்பருப்பை முக்கால் வேக்காட்டில் எடுக்க வேண்டும். என் அம்மா தேங்காயைக் கடைசியில்தான் போடுவாள். இங்கே வங்காளிகள் உருளைக்கிழங்கு சேர்க்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. அவள் தன் அம்மா கடைசியாக யாருடைய கையை இவள் கை என்று நினைத்துப் பிடித்துக்கொண்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் தாளிக்கக் கடுகு, உளுத்தம்பருப்பு என்றேன். மகள் தட்டச்சு செய்துகொண்டே, "நல்லா இருக்கு பா, ரொம்ப சிம்பிள்" என்றாள்.

மாலையில் மனைவி வந்தாள். அர்த்தமெல்லாம் சொல்லியாச்சா என்று கேட்டாள். சொல்லியாச்சு என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். நான் செருப்பைத் துடைக்க ஆரம்பித்தேன்.

படம் தேர்வானது. கடைசிச் சுற்றுக்கு வந்த படங்களில் ஒன்று என்று மெயில் வந்த அன்று மகள் சந்துக்கே சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தாள். விழா அலிப்பூர் பக்கம் ஓர் அரங்கத்தில். அவளுக்கு நுழைவு அட்டை உண்டு, வீட்டிலிருந்து கூட ஒருவர் வரலாம். நான் மனைவியைப் போகச் சொன்னேன். எனக்கு வேலை இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "நீங்க போங்க. நான்தான் அதுக்குள்ளயே ஒக்காந்திருக்கேனே" என்றாள். என் சட்டையை அவளே இஸ்திரி போட்டாள். நாள் முழுக்க இஸ்திரியோடு நிற்கிறவனுக்கு வீட்டிலும் இஸ்திரியா என்று சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

அரங்கம் குளிர்ந்து கிடந்தது. ஆறாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். என் மனைவியின் கைகள் ஓர் ஆள் உயரத்துக்குத் திரையில் வந்தன. அவள் பேசினாள். கீழே நான் சொன்ன மோரும் தேங்காயும் ஆங்கிலத்தில் ஓடின. எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும், ஆனால் எந்த இடத்தில் எதைச் சொன்னேன் என்று மனப்பாடமாகத் தெரியும். உருளைக்கிழங்கு வந்த இடத்தில் கூட்டம் சிரித்தது. அந்த இடத்தில் அவள் மறுபடியும், குனிஞ்ச தலைய வச்சுக்கிட்டு என்ன பண்ண என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்து விளக்கு வந்ததும் மகளை மேடைக்கு அழைத்தார்கள். நடுவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒரு அம்மாள் சென்னையிலிருந்து வந்திருந்தார். வயதானவர், பருத்திப் புடவை. அவர் மைக்கை வாங்கி, எல்லோருக்கும் முன்னால், தமிழில் மெதுவாகச் சொன்னார்:

"உங்க அம்மா சமையல் சொல்லலையேம்மா."

மகள் புரியாமல் நின்றாள். அந்த அம்மாள் ஆங்கிலத்துக்கு மாறினார். தொகுப்பாளர் அதை வங்காளத்தில் திருப்பிச் சொன்னார். படத்தில் இருக்கிற பெண் தன் தாயின் சாவுக்குப் போய்ச் சேர முடியாததைப் பற்றிப் பேசுகிறாள், கீழே ஒரு சமையல் குறிப்பு ஓடுகிறது. வேண்டுமென்றே இப்படிச் செய்திருந்தால் இந்தப் போட்டியிலேயே பெரிய யோசனை இதுதான். வேண்டுமென்றுதானே செய்தாய் என்று கேட்கிறார் நடுவர்.

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பரிசு அங்கேதான் இருந்தது. அந்த வழியை நடுவரே திறந்து வைத்திருந்தார். இன்னொரு வழியும் இருந்தது. நான் எழுந்து நின்று, அவளுக்குத் தெரியாது, நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். வங்காளத்திலேயே சொல்லியிருக்கலாம், அது எனக்கு நன்றாக வரும். மகள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுபிடித்தாள். நான் முன் நாற்காலியின் முதுகைப் பார்த்தேன். அதில் ஓர் எண் எழுதி ஒட்டியிருந்தது, ஒரு மூலை பிரிந்திருந்தது. அன்று சூப்பர்வைசர் கேட்டபோது ஒன்றுமில்லை என்றவன், அந்த மூலையை விரலால் அழுத்திக்கொண்டிருந்தேன்.

"இல்ல" என்று மகள் வங்காளத்தில் சொன்னாள். "எனக்கு எங்க அம்மா மொழி சரியா வராது. தப்பு என்னோடது."

கூட்டம் லேசாகக் கை தட்டியது. இரக்கப்பட்டுத் தட்டுகிற கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பரிசு வேறு ஒரு பையனுக்குப் போனது. வெளியே வரும்போது அந்த அம்மாள் மகளை வராந்தாவில் நிறுத்தி, தோளில் கை வைத்து வெகுநேரம் பேசினார். மொத்தத்தையும் சொல்லிவிட்டார் என்பது மகள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. நான் குடிநீர்க் குழாயருகே காத்திருந்தேன். பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்தாள், நான் பின்னால் நின்றேன். டாக்குரியாவில் இறங்கியதும் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டில், பரிசு கிடைக்கவில்லை மா என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

மறுநாள் காலை மனைவி எனக்குச் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டே கேட்டாள்: "நேத்து எல்லாரும் படிச்சாங்களா, நான் பேசுனதை?"

"படிச்சாங்க."

"நீங்களும் அங்கயே ஒக்காந்திருந்தீங்களா?"

"ம்."

அவள் டப்பாவின் மூடியை அழுத்தினாள். "பரிசு வேற யாருக்கோ போனா போகட்டும். ஒங்க வாயாலயே சொன்னீங்க பாருங்க, எனக்கு அது போதும்" என்றாள்.

அப்பாகிட்ட கேளு என்று அவள் மகளிடம் சொன்னது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகத்துக்கு நேரே கேட்டால் தலையைக் குனிந்துவிடுவேன் என்று தெரிந்தவள், நான் கேட்டே ஆக வேண்டிய, கேட்டதைத் திருப்பிச் சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் அதை வைத்திருக்கிறாள். எனக்காகவே கட்டிய படிக்கட்டு. நான் அதன் பக்கவாட்டில் இறங்கிப் போய்விட்டேன். கட்டிலில் மகள் கண் திறந்து படுத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மத்தியானம் டப்பாவைத் திறந்தபோது சோற்றின் மேல் இரண்டு மோர் மிளகாய் இருந்தது. இங்கே நல்ல மோர் மிளகாய் கிடைக்காது. ஊரிலிருந்து யாராவது வந்தால்தான் உண்டு, அதை அவள் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்வாள். என்னால் அதைத் தொட முடியவில்லை. தாதாவிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து மகள் மடிக்கணினியை என் முன்னால் வைத்தாள். இன்னொரு விழா இருக்கிறது, வேறு ஊரில், மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும் என்றாள். திட்டவில்லை, விசாரிக்கவும் இல்லை. "மொதல்லேந்து சொல்லு" என்றாள். மனைவி அன்றும் வேலையில் இருந்தாள். வரிவரியாகச் சொன்னேன், உள்ளதை உள்ளபடி. லோக்கல் போகும்போது நிறுத்தினேன், போனதும் தொடர்ந்தேன். குனிந்த தலை வந்த இடத்தில் என் தலை குனிந்துதான் இருந்தது. மகள் அதையும் எழுதினாள். முடித்ததும் சொன்னாள்: "இது ரெடி. ஆனா அம்மா என்ன நெனச்சுட்டு இருக்கான்னு என் காதால கேட்டேன் அப்பா, அன்னிக்குக் காலைல. மொதல்ல எழுதினது வேறன்னு நீ அவகிட்ட சொல்லு. சொன்னப்புறம் அனுப்பறேன். நான் சொல்ல மாட்டேன்."

ஒரு வார்த்தைதான். காலையில் டப்பா வாங்கும்போது சொல்லலாம் என்றிருந்தேன். அப்போது அவள் அவசரத்தில் இருப்பாள். மாலையில் சொல்லலாம் என்றால் அவள் களைத்திருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வாழைப்பூ வாங்கிவந்து தரையில் உட்கார்ந்தாள். நானும் எதிரே உட்கார்ந்து ஆய்ந்து கொடுத்தேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் செய்யாத வேலை. "என்னங்க இது அதிசயம்" என்றாள். அது எனக்குக் கிடைத்த மிக நல்ல நேரம். பூக்கள் முழுவதும் தீரும் வரை வாய் திறக்கப் பார்த்தேன். பிறகு அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மாதம் முடிந்தது. கடைசி நாளன்று மகள் கல்லூரியிலிருந்து நேரத்திலேயே வந்து, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு என் வரவுக்காகக் காத்திருந்தாள். நான் உள்ளே நுழைந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். அவள் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு மடிக்கணினியை மூடினாள்.

இப்போது அவள் இன்னொரு படம் எடுக்கிறாள். டாக்குரியா ஏரிக்கரையில் காலையில் நடக்க வருகிற இரண்டு வங்காளி முதியவர்களைப் பற்றியது. அதில் பேச்செல்லாம் வங்காளம். அர்த்தம் சொல்ல ஆள் தேவையில்லை. மனைவி இன்னமும் வாரத்துக்கு இரண்டு நாள் என் சோற்றின் மேல் மோர் மிளகாய் வைக்கிறாள்.